உன் நாக்கை நம்பாதே

இதை எழுதத் தொடங்கும்போது நீ இன்னும் கப்பல் ஏறியிருக்க மாட்டாய். ஏதோ ஒரு துறைமுக ஊரில் ஏஜென்ட் அனுப்பும் வண்டிக்காகப் பையின் மேலேயே உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பாய். வீட்டிலிருந்து கிளம்பும்போது “வர்றேன் சித்தி” என்றாய். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, உன் ஷூ லேஸைப் பார்த்துச் சொன்னாய். உன் அப்பா காரின் டிக்கியை இரண்டு தடவை திறந்து மூடினார். யார் பக்கம் பேசுவது என்று தெரியாதபோது அவர் ஏதாவது ஒரு கதவைத் திறந்து மூடுவார் என்பது நம் இருவருக்கும் தெரியும். கார் ஈசிஆரில் ஏறும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.

உனக்குத் தனியாக அனுப்பினால் இதை நீ படிக்கமாட்டாய். என் பெயரைப் பார்த்ததும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் பேட்ச்மேட் யாராவது உனக்கு ஃபார்வர்ட் செய்வான், அப்போது படிப்பாய். வீட்டு விஷயத்தை வெளியில் பேசுவது எனக்குப் பிடிக்காத வேலை. உன் பெயரையோ கப்பலின் பெயரையோ இதில் எழுதப்போவதில்லை. உன்னைப் போல ஜூனியர் இன்ஜினியராக முதல் தடவை கையெழுத்துப் போட்டு ஏறுகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலெல்லாம் இன்ஜின் ரூமில் வேலை பார்த்த சித்தி இருக்கமாட்டாள். அவர்களும் படிக்கட்டும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீ திரும்பப் போகிற கப்பலில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் மெஷின் கெட்டுப்போயிருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். அது யாருக்கும் தெரியாதபடி அதன் அலாரத்தை யாரோ ஊமையாக்கி வைத்திருக்கிறார்கள் என்றும் சந்தேகப்படுகிறேன். அந்த யாரோ, நீ தெய்வமாக நினைக்கிற, சீஃப் இன்ஜினியருக்கு அடுத்த ஆளான உன் செகண்ட் இன்ஜினியராக இருக்கலாம். போன தடவை நீ ட்ரெய்னி, பின்னால் நின்று பார்த்தவன். இந்தத் தடவை தண்ணீர் உன் பொறுப்பு. அந்தக் கப்பலில் இருக்கிற அத்தனை பேரும் குடிப்பது அதைத்தான், பாய்லர் குடிப்பதும் அதைத்தான். ஏதாவது ஆனால் முதலில் கூப்பிட்டு நிறுத்துவது உன்னைத்தான்.

இந்தச் சந்தேகம் எனக்கு நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்தது. நீ கிளம்பப்போகிறாய் என்று கடைக்கார பாயைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். அவர் பாதி வயசை கல்ஃபில் கழித்துவிட்டு வந்தவர், எதையும் விசாரிக்காமல் விடமாட்டார். கப்பலில் குடிக்கிற தண்ணீருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நீ சாதத்தைப் பிசைந்துகொண்டே உற்சாகமாகச் சொன்னாய். “காலைல செகண்ட் ஒரு கிளாஸ்ல தண்ணி புடிச்சி எங்கிட்டதான் குடுப்பாரு பாய். மரக்காணத்தான் நாக்குடா, மீட்டரே தோத்துடும்னு எல்லார் முன்னாடியும் சொல்லுவாரு. நான் ஓகே சொன்னாதான் டேங்க்குக்கே போவும்.” அப்பா சிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நீ காலேஜில் சேர்ந்த அன்றைக்குக்கூட நான் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மெஷின் செய்யவேண்டிய வேலையை மனிதனின் நாக்கிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அந்த மெஷினுக்கு என்ன ஆனது என்றுதான் என் புத்தி போனது. நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன், நீ விகல்பமில்லாமல் பதில் சொன்னாய். முதலில் அந்த அலாரம் அடிக்கடி அடித்துக்கொண்டிருந்ததாம். ஒருநாள் செகண்ட் என்னவோ அட்ஜஸ்ட் செய்தாராம், அதற்கப்புறம் கம்முனு ஆகிவிட்டதாம். மெஷினைத் திறந்து பிளேட்டுகளைக் கழற்றினார்களா என்று கேட்டேன், நீ பார்க்கவில்லை. பாய்லரில் அடிக்கடி தண்ணீரை வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றச் சொன்னார்களா என்று கேட்டேன். “ஆமா, டெய்லி ரெண்டு வாட்டி. அதுக்கென்ன?” என்றாய். டீ எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, சமையல்காரர் ஒருத்தர் மட்டும் டீ வாய்க்கு விளங்கவில்லை என்று புலம்புவார், அவருக்கு எல்லாவற்றிலும் குறைதான் என்று சொல்லிச் சிரித்தாய்.

அப்போது நான் செய்த காரியம் உனக்குக் கோபம் வரவழைத்தது. எழுந்து போய் மூன்று டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தேன். ஒன்று கேன் தண்ணீர். இன்னொன்று நம் வீட்டுப் போர் தண்ணீர். மூன்றாவது இரண்டும் பாதிப் பாதி. எது எது என்று சொல்லாமல் குடித்துப் பார்க்கச் சொன்னேன். நீ மூன்றையும் மடக்கு மடக்காகக் குடித்துவிட்டு மூன்றும் நல்ல தண்ணீர் என்றாய். அப்பா குடித்துவிட்டு எனக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றார். பாய் இரண்டாவது டம்ளரை உதட்டில் வைத்ததும் கீழே வைத்துவிட்டார். “இது உங்க வீட்டு போரும்மா. கரிக்குது.” நீ சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தாய். கை கழுவிக்கொண்டே, திரும்பாமல், “யாருமே உங்களுக்கு நல்லவங்களா தெரிய மாட்டாங்களா சித்தி?” என்றாய். விருந்தாளி முன்னால் வைத்து உன்னைச் சோதித்திருக்கக் கூடாது. சோதித்ததில் தப்பில்லை, இடம்தான் தப்பு.

என் சந்தேகம் உனக்குப் புதிதில்லை. பக்கத்து எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்து ஆட்கள் செத்துப்போன அந்தக் கோடையில் நீ காலேஜ் விடுமுறையில் வீட்டில் இருந்தாய். நீ வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் நான் ஏதாவது சாக்கு வைத்துப் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தேன். நான்கைந்து நாள் பொறுத்துக்கொண்டு, கடைசியில் வாயை ஆவென்று திறந்து காட்டி, “நான் என்ன கேஸ் லைனா சித்தி, லீக் பாக்குறீங்க?” என்றாய். நீ குடிக்கவில்லை. ஆனால் நான் மோந்து பார்த்ததற்கு இன்றைக்கும் வருத்தப்படவில்லை. அந்த வாரம் இந்தப் பக்கத்தில் மோந்து பார்க்காத வீடு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. சந்தேகம் பொய்யாகப் போனால் யாருக்கும் எதுவும் குறைந்துபோகாது. கொஞ்சம் கோபம் வரும், அது ஆறிவிடும்.

நம் வீட்டுத் தண்ணீர் விஷயம் எனக்கு முதல் நாளே தெரியும். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். கப்பலில் ஆம்பளைகளோடு இருந்தவளாம், இவள் எத்தனை நாள் இருப்பாள் என்று சொந்தக்காரர்கள் ஹாலில் பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்குக் கேட்கும்படியாகவே. யாரோ டீ கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்ததும் என்னால் விழுங்க முடியவில்லை. சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டு என்னைக் கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன். உன்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், ஏனென்றால் நீ கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் உன் அப்பா அதே டீயை எடுத்து முழுசாகக் குடித்துவிட்டு, “உப்பா? எங்க?” என்றார். கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தது நான் வந்த பிறகுதான். அதற்குள் உன் நாக்கு அந்தப் போர் தண்ணீரில் வளர்ந்து முடித்துவிட்டது. மரக்காணத்து உப்பளத்து ஓரத்தில் பிறந்தவனுக்கு உப்பை நன்றாகத் தெரியும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை நேர் எதிர். நம் ஆட்கள் கையால் தொட்டு உப்பின் தரம் சொல்வார்கள், பாத்தியில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து எப்போது வாரலாம் என்று சொல்வார்கள். தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் தெரியாது. அது அவர்கள் குற்றமில்லை.

உனக்குத் தெரிந்ததைத்தான் இனி சொல்கிறேன், ஆனால் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பாவின் உப்பளப் பாத்தியில் தண்ணீரை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு உப்பை வைத்துக்கொள்கிறோம். கப்பலில் உப்பைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீரை வைத்துக்கொள்கிறார்கள். மெஷினுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவதால், இன்ஜினைக் குளிரவைத்துவிட்டு வரும் சுடுதண்ணீரின் சூட்டிலேயே கடல் தண்ணீர் கொதிக்கிறது. ஆவி மேலே போய், குளிர்ந்த பிளேட்டுகளில் பட்டு நல்ல தண்ணீராக இறங்குகிறது. அந்தப் பிளேட் ஒன்றில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தால் போதும், குளிர்விக்க ஓடுகிற கடல் தண்ணீர் நல்ல தண்ணீரோடு கலந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் வெளியே வரும் குழாயில் உப்பை அளக்கும் ஒரு ப்ரோப் வைத்திருக்கிறார்கள். லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பு இருந்தால் அலாரம் அடிக்கும், தண்ணீர் டேங்க்குக்குப் போகாமல் தானாகத் திரும்பிவிடும். லட்சத்தில் ஒரு பங்கை எந்த ஊர்க்காரன் நாக்காலும் சொல்ல முடியாது, பாயின் நாக்காலும் முடியாது. அந்தச் சமையல்காரரின் நாக்குக்கே தெரிந்திருக்கிறது என்றால், அளவு எங்கேயோ போய்விட்டது என்று அர்த்தம். உப்பு பாய்லர் குழாய்களை அரிக்கும், தினமும் இரண்டு தடவை பாய்லர் தண்ணீரை வெளியே விடச் சொன்னதும் அதற்காகத்தான் இருக்கும்.

நான் ஃபோர்த் இன்ஜினியராக இருந்த ஒரு கப்பலில் இதே போல அலாரம் பல வாரம் அடிக்காமல் இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். நடுக்கடலில் ஒரு மத்தியானம் பாய்லருக்குள் ஒரு குழாய் அரித்து உடைந்தது. பர்னர் பக்கம் நின்றிருந்த மோட்டார்மேன் என்கிற இன்ஜின் ரூம் தொழிலாளிக்கு முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. அந்த மனிதர் கத்தவே இல்லை, கையைத் தன்னிடமிருந்து தள்ளி நீட்டிக்கொண்டு படியேறி வந்தார். பாய்லரில் நீராவி இல்லையென்றால் இன்ஜின் எரிக்கிற கனமான எண்ணெயைச் சூடாக்க முடியாது. டீசலுக்கு மாற்றி எப்படியோ கரை சேர்ந்தோம். அதற்கப்புறம்தான் காரணம் தேடினோம். மெஷினுக்குப் பின்னால், குழாயில் இருக்கவேண்டிய ப்ரோப், நல்ல தண்ணீர் நிரப்பிய ஒரு கப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. குழாயில் அது இருந்த ஓட்டையை அழகாக பிளக் போட்டு, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். ப்ரோப் பொய் சொல்லவில்லை பார், அதைச் சுற்றி இருந்த தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது.

அந்த மத்தியானத்துக்குப் பிறகுதான் நான் இன்ஜின் ரூமில் எதையும் நம்பாதவளானேன். கப்பல் ஆடும்போது பாய்லரின் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் தண்ணீர் ஆடாமல் நிதானமாக நின்றால், அது நல்ல அளவு இல்லை, அடைத்துக்கொண்ட குழாய். புதுப் பெயின்ட்டைப் பார்த்தால் எதற்காக இந்த ஓர் இடத்துக்கு மட்டும் என்று கேள். எண்ணெய் டேங்கில் தானாக மூடிக்கொள்ள வேண்டிய வால்வைக் கம்பியால் கட்டி வைத்திருந்தால், கட்டியவனுக்கு ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறது, அந்தச் சோம்பேறித்தனம் ஒருநாள் தீ வைக்கும். கப்பலின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் அடிக்கிற பில்ஜ் அலாரம் வேலை செய்கிறதா என்று விளக்கைப் பார்த்துச் சொல்லாதே, மிதவையைக் கையால் தூக்கிப் பார். புதுக் கப்பலில் முதல் வாரம் ஒவ்வொரு குழாயும் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று வரைபடத்தில் பார்த்தால் போதாது, பக்கத்திலேயே நடந்து போய்ப் பார். எல்லாம் அமைதியாக இருக்கிற வாட்ச் டூட்டியில்தான் அதிகமாக நட.

இனி சொல்லப்போவதை மேசையில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாய் இருந்தார், அப்பா இருந்தார், அவர் முகத்தில் அந்த வெளிச்சம் இருந்தது. உன் செகண்டும் இந்தக் கரையோரத்து ஆள், தமிழ்தான் பேசுவார், அதனால்தான் உன்னிடம் அத்தனை பிரியம் என்று நீ சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. இந்தக் கடற்கரையில் பிறந்தவருக்கு எந்த ஊர்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரியாமலா இருக்கும்? மரக்காணத்துக்குப் பெண் கொடுக்க யோசிப்பவர்கள்கூட முதலில் தண்ணீரைப் பற்றித்தானே பேசுகிறார்கள். கப்பலில் பஞ்சாபி இருந்தான், மலையாளி இருந்தார், பிலிப்பைன்ஸ்காரர்கள் இருந்தார்கள். டீயில் குறை சொன்ன சமையல்காரரே இருந்தார். அத்தனை பேரையும் விட்டுவிட்டு ருசி பார்க்க உன்னைக் கூப்பிட்டாரே, அது உன் நாக்குக்கு எல்லாம் தெரியும் என்பதாலா, எதுவும் தெரியாது என்பதாலா?

காலேஜில் உன்னை உப்பு மூட்டை என்று கூப்பிட்டார்கள், வெயிலில் வெந்த உன் அப்பாவின் காலை ஹாஸ்டல் வாசலில் எவனோ போட்டோ எடுத்தான், அதற்காக நீ இரண்டு வாரம் யாரிடமும் பேசவில்லை. அந்த ஊரை வைத்தே ஒரு பெரிய மனிதர் உன்னை எல்லார் முன்னாலும் தூக்கி வைத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அதை நான் உன்னிடமிருந்து பிடுங்குகிறேன். நான் தவறாகவும் இருக்கலாம். நீ எண்ணெயைச் சுத்தப்படுத்தும் ப்யூரிஃபையரில் வேலையாக இருந்தபோது அவர்கள் மெஷினைத் திறந்து ஓட்டை பிளேட்டை மாற்றியிருக்கலாம். பாய்லர் தண்ணீரை அடிக்கடி வெளியே விட வேறு காரணம் இருக்கலாம். சமையல்காரர் நிஜமாகவே எதற்கும் குறை சொல்பவராக இருக்கலாம். செகண்ட் உன்னை உண்மையாகவே பிரியத்தோடு கூப்பிட்டிருக்கலாம், நாக்கு விஷயம் வெறும் கிண்டலாக இருக்கலாம். கடலை விட்டு வந்தவளுக்கு கடலில் இருப்பவர்கள் மேல் ஒரு பொறாமை இருக்கும், அதுதான் என்னை இப்படி யோசிக்கவைக்கிறதா என்று என்னையே சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டேன். இருந்தாலும் அந்தத் தண்ணீரைச் சோதிக்காமல் குடிக்காதே.

செய்ய வேண்டியது கஷ்டமானதில்லை. கப்பலில் ஏறி, பொறுப்பு மாற்றிக்கொண்டு, ஆழ்கடலுக்குப் போய் மெஷின் ஓட ஆரம்பித்ததும் செய். பாய்லர் தண்ணீரைச் சோதிக்கிற பெட்டி உங்களிடம் இருக்கும். மெஷினிலிருந்து டேங்க்குக்குப் போகிற குழாயில் ஒரு சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அந்தப் பெட்டியில் இருக்கும் சில்வர் நைட்ரேட் மருந்தை விட்டுப் பார். நல்ல தண்ணீர் என்றால் தெளிவாக இருக்கும், உப்பு இருந்தால் பால் மாதிரி வெளுக்கும். அப்புறம் ப்ரோப்பின் வயரைப் பிடித்துக்கொண்டே போ, அது எங்கே முடிகிறது என்று பார். குழாயில் முடிந்தால் அலாரத்தில் எந்த அளவை வைத்திருக்கிறார்கள் என்று பார், ஏனென்றால் கப் வைக்காமல் அந்த எண்ணை ஏற்றிவைத்தே ஊமையாக்கிவிடவும் முடியும். அளவு ஏறியிருந்தால் சரியான இடத்துக்கு இறக்கு. கப்பில் முடிந்தால், நீ பிடித்த தண்ணீரில் அந்த ப்ரோப்பை முக்கு. வாட்ச்சில் இருப்பவரிடம் அலாரம் டெஸ்ட் செய்கிறேன் என்று மட்டும் சொல். அது உன் வேலை, எவரும் ஏன் என்று கேட்க முடியாது.

அதற்கு மேல் என்ன ஆகுமோ என்று பயப்படுவாய். ஏறிய உடனேயே வம்பு பண்ணுகிறவன் என்று பெயர் வரும், அடுத்த கப்பல் கிடைக்காது என்று யாராவது சொல்வார்கள். கிடைக்காமலும் போகலாம், அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன், பொய் சொல்லமாட்டேன். சீஃப் இன்ஜினியர் நல்லவராக இருந்தால் அவரோடு முடிந்துவிடும். அவரும் சேர்ந்திருந்தால் மெஸ் ரூம் சுவரில் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி நம்பர் ஒட்டியிருக்கும், அது உன்னைப் போன்றவர்களுக்காகத்தான் ஒட்டியிருக்கிறது. அதுவும் உதவவில்லை என்றால் இறங்கி வீட்டுக்கு வா. உன் அப்பாவிடம் பேசிவிட்டேன். நீ கிளம்பிப் போன பிறகு, டிவியை அணைத்துவிட்டு அவராகவே சொன்னார். “அவன் இதப் பண்ணலன்னாதான் எனக்கு அசிங்கம். வந்துட்டான்னா வந்துட்டுப் போவட்டும்.” அவருக்கு அந்த மெஷின் என்னவென்றே தெரியாது.

அலாரம் அடிக்க ஆரம்பித்ததும் செகண்ட் கண்ட்ரோல் ரூமிலிருந்து இறங்கி வருவார். நீ எதுவும் பேசாதே. விளக்கம் சொல்லாதே, மன்னிப்புக் கேட்காதே. அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வியை மட்டும் கவனி. ஒன்றும் தெரியாதவர் மெஷினைப் பார்த்து, ஏன் அடிக்குது என்று கேட்பார். தெரிந்தவர் உன்னைப் பார்த்து, யார் தொட்டது என்று கேட்பார். முதல் கேள்வி வந்தால் அவர் நல்லவர், நான் அவரைச் சந்தேகப்பட்டதற்கு அவருக்கே எழுதி மன்னிப்புக் கேட்கிறேன், இதைப் படித்த எல்லோரும் அதையும் படிப்பார்கள். இரண்டாவது கேள்வி வந்தால், “நான்தான் சார்” என்று சொல். சொல்லிவிட்டு, சீஃப் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகராதே.